வெளியே போக வழியில்லாத ஏரி

ஃபைனல் இயர் டூர் எங்கே என்று எங்கள் கிளாஸ் குரூப்பில் மூணு வாரம் சண்டை நடந்தது. கோவா, மூணாறு, மணாலி எல்லாம் ஓட்டெடுப்பில் தோற்றுப்போய், கடைசியில் ஜூன் மாசம் லடாக் என்று முடிவாச்சு. "பாங்காங் ஏரிக்கு எல்லாரும் போறாங்கடா. நாம சோ மொரிரி போவோம்" என்றான் என் ரூம்மேட். போன வருஷம் ஜூனில் அங்கே போய்வந்த சீனியர் அண்ணன் ஒருத்தர் உடனே ஒரு வீடியோ அனுப்பினார். நாற்பது செகண்ட் இருக்கும். நீல ஏரி, கரையில் பச்சைப் புல்வெளி, அதுக்கு நடுவில் பைக் போகுது. பைக்குக்கு முன்னாடி உயரமான ரெண்டு பறவை ஓடுது. நாங்க பதினோரு பேரும் அதுக்கு ஹார்ட் போட்டோம்.

"நீ சிவில்தானே, இடத்தைப் பத்தி ஒரு நோட்ஸ் ரெடி பண்ணு" என்று எனக்கு வேலை கொடுத்தாங்க. ரூட், பெட்ரோல் பங்க், ஆக்சிஜன் சிலிண்டர் என்று ஆரம்பிச்சது, கடைசியில் ஏரியைப் பத்தின நோட்ஸாகவே மாறிப்போச்சு. அதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதியிருக்கேன். முடிக்கும்போது அந்த வீடியோவை என்னால் முன்னாடி மாதிரி பார்க்க முடியல. ஏன் என்று கடைசியில் சொல்றேன்.

எங்கே இருக்கு?

லடாக் மொழியில் 'சோ' என்றால் ஏரி. லே நகரத்திலிருந்து தென்கிழக்கே சிந்து நதியை ஒட்டியே போய், மாஹே பாலத்தில் ஆற்றைக் கடந்து, மலைக்குள் திரும்பினால் சோ மொரிரி. சாலை வழியாக 200 கிலோமீட்டருக்கு மேல். இந்தப் பகுதியின் பெயர் ரூப்ஷு. திபெத்திலிருந்து லடாக் வரை நீளும் சாங்தாங் பீடபூமியின் மேற்கு ஓரம் இது.

ஏரியின் உயரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 4,500 மீட்டர். தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். தொட்டபெட்டா மேல் இன்னொரு ஏற்காட்டைத் தூக்கி வைத்தாலும் ஏரியின் மட்டத்தை எட்டாது. வடக்கு தெற்காக இருபது கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் இந்த ஏரியின் அதிகபட்ச ஆழம் சுமார் 105 மீட்டர். முப்பது மாடிக் கட்டடம் ஒன்று முழுசா முங்கிவிடும்.

சுற்றிலும் பார்த்தால் மரமே கிடையாது. பருவமழை மேகங்களை இமயமலை தடுத்துவிடுவதால் லடாக் ஒரு மழைமறைவுப் பிரதேசம். லே நகரத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்யும் மழை சுமார் 100 மில்லிமீட்டர். சென்னையில் ஒரே நாளில் அதைவிட அதிகமாகப் பெய்து, நாமும் முழங்கால் தண்ணியில் காலேஜுக்கு வந்திருக்கோம். அப்படின்னா இவ்வளவு பெரிய ஏரிக்குத் தண்ணி எங்கிருந்து வருது? பனி உருகி வருது, ஊற்றுகளிலிருந்தும் வருது. முக்கியமாக இரண்டு ஓடை அமைப்புகள்: ஒன்று வடக்கிலிருந்து, இன்னொன்று தென்மேற்கிலிருந்து. இரண்டும் ஏரியைத் தொடும் இடங்களில் பெரிய சதுப்பு நிலங்கள் இருக்கு. இந்தச் சதுப்பு நிலத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, பிறகு தேவைப்படும்.

கெட்டில் சொல்லும் பாடம்

தண்ணி உள்ளே வர வழி இருக்கு. வெளியே போக? ஒரு காலத்தில் இருந்தது. ஏரியின் தெற்கு முனை வழியாக உபரி நீர் வெளியேறி, பாரே சூ, ஸ்பிட்டி ஆறுகள் வழியாக சட்லெஜில் கலந்தது. பக்கத்து மலைகளிலிருந்து ஓடைகள் அடித்துக்கொண்டு வந்த கல்லும் மண்ணும் விசிறி மாதிரிப் பரவி வாசலை அடைத்தன. காலநிலையும் வறண்டது. ஏரியின் மட்டம் அந்த வாசலுக்குக் கீழே இறங்கிவிட்டது. இப்போ இது ஒரு மூடிய ஏரி. தண்ணி வெளியேற முக்கியமாக ஒரே ஒரு வழிதான்: ஆவியாவது.

மூணாவது செமஸ்டர் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் கன்ட்ரோல் வால்யூம் வரைந்தது ஞாபகம் இருக்கா? ஒரு கோட்டுக் கட்டம், உள்ளே ஒரு அம்பு, வெளியே ஒரு அம்பு. உள்ளே வருவது கழித்தல் வெளியே போவது சமம் சேர்வது. இரண்டு மார்க் கேள்வி என்று நினைத்து மனப்பாடம் செய்தோம். சோ மொரிரியைச் சுற்றி அந்தக் கட்டத்தை வரைஞ்சு பாருங்க. தண்ணிக்கு இரண்டு அம்பும் இருக்கு. தண்ணியில் கரைந்து வரும் உப்புக்கு உள்ளே வரும் அம்பு மட்டும்தான் இருக்கு. ஏன்னா ஆவியாகும்போது தண்ணி மட்டும்தான் போகும், உப்பு கூடப் போகாது.

நம்ம ஹாஸ்டல் கெட்டிலை எடுத்துக்கோங்க. போர் தண்ணி ஊத்தி ஊத்திக் கொதிக்க வச்சா, ரெண்டே மாசத்தில் அடியில் வெள்ளையா படை கட்டும். கழுவாத கெட்டில்தான் மூடிய ஏரி.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். எண்கள் நானே எடுத்துக்கொண்டவை, கணக்கின் போக்கு புரிஞ்சா போதும். ஓடை நீரில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் உப்பு என்று வைப்போம். நாக்குக்குத் தெரியவே தெரியாது, நல்ல குடிநீர் அது. வருஷத்துக்கு ஒரு மீட்டர் ஆழத் தண்ணி ஆவியாகி, அதே அளவு ஓடை நீர் வந்து நிரம்புகிறது என்று வைப்போம். அப்போ ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பிலும் வருஷத்துக்கு 200 கிராம் உப்பு தங்கும். ஆயிரம் வருஷத்தில் 200 கிலோ. ஏரியின் சராசரி ஆழம் 50 மீட்டர் என்றால், அந்த 200 கிலோ 50 கன மீட்டரில் கரையும். அதாவது லிட்டருக்கு 4 கிராம். கடல் நீரில் லிட்டருக்கு 35 கிராம். நிஜத்தில் ஒரு பகுதி சுண்ணாம்பாகி அடியில் படிந்துவிடும், அதனால் இவ்வளவு வேகமாக ஏறாது. ஆனா போகும் திசை ஒன்றுதான். சோ மொரிரியின் தண்ணி இப்போதே லேசான உவர்நீர்.

இந்தக் கணக்கு கடைசி வரை போனால் என்ன ஆகும் என்று பார்க்க ரொம்ப தூரம் போக வேண்டாம். அதே ரூப்ஷுவில் வடமேற்கே சோ கார் இருக்கு. பெயருக்கு அர்த்தமே 'வெள்ளை ஏரி'. கரை முழுக்க உப்பு பூத்துக் கிடக்கும். சாங்பா மேய்ப்பர்கள் இங்கே உப்பு எடுத்து வியாபாரம் செய்திருக்கிறார்கள். சுற்றியுள்ள மலைச்சரிவில், இன்றைய மட்டத்துக்கு மிக உயரத்தில், பழைய கரைக்கோடுகள் படி படியாகத் தெரியும். ஒரு காலத்தில் ஏரி அவ்வளவு உயரம் நிரம்பி இருந்தது.

இதில் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் பக்கத்தில் இருக்கும் ஸ்டார்ட்சபுக் சோ. சோ கார் பள்ளத்தாக்கிலேயே, ஒரு வாய்க்கால் தூரத்தில் இருக்கும் சின்ன ஏரி. அது நன்னீர். ஏன்? அதன் தண்ணி அந்த வாய்க்கால் வழியாக சோ காருக்கு வடிகிறது. வெளியே போக வழி இருந்ததால் அது நன்னீர், வழி இல்லாததால் சோ கார் உப்பு. ஒரே வானம், ஒரே பனி, ஒரே மண். வித்தியாசம் அந்த ஒரு அம்பு மட்டும்தான்.

வெளியே போக முடியாதது உப்பு மட்டும் இல்லை. காற்றில் வரும் மகரந்தமும் தூசும்கூட சோ மொரிரியின் அடியில் வருஷா வருஷம் படிகிறது. அந்தச் சேற்றைக் குழாய் போட்டு எடுத்து, அதிலுள்ள மகரந்தத்தை வைத்தே கடந்த 12,000 வருஷத்தில் இங்கே எப்போ ஈரம், எப்போ வறட்சி என்று ஆய்வாளர்கள் படித்திருக்கிறார்கள். இந்த ஏரிகளை அறிவியல் கண்ணோடு பார்த்த முன்னோடிகளில் ஒருவர் ஈவ்லின் ஹட்சின்சன். 1932-ல் யேல் பல்கலைக்கழகத்தின் வட இந்தியப் பயணக் குழுவோடு வந்து லடாக்கின் உயரமான ஏரிகளை ஆராய்ந்தார். பின்னாளில் சூழலியல் துறையின் பெரிய பெயர்களில் ஒருவரானார்.

57 சதவீதக் காற்று

4,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 57 சதவீதம். ஆக்சிஜனின் பங்கு அங்கேயும் 21 சதவீதம்தான், அது மாறாது. மொத்தக் காற்றே குறைவு என்பதால், ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கிட்டத்தட்ட பாதி.

இதன் விளைவுகள் வரிசையா வரும். தண்ணி சுமார் 85 டிகிரியிலேயே கொதிச்சிடும். சோறு வேகணும்னா குக்கர் வேணும். நீரில் கரையும் ஆக்சிஜனும் அதே விகிதத்தில் குறையும். இதோடு குளிரைச் சேர்த்துக்கோங்க. குளிர்காலத்தில் வெப்பநிலை மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே போகும், ஏரி மேலே உறைந்து மூடிவிடும். குளிரில் பாக்டீரியா மந்தமாக வேலை செய்யும், அதனால் குப்பை மக்கவும் நாளாகும். ஊரில் சில வாரத்தில் மண்ணோடு மண்ணாகும் வாழைப்பழத் தோல் அங்கே அடுத்த சீசன் வரைக்கும்கூடக் கிடக்கலாம்.

நீலம் போட்டோவுக்கு, பச்சை உயிருக்கு

சோ மொரிரி என்று தேடினால் வரும் போட்டோ எல்லாமே நீலம். ஆனா அந்த நீலத்தின் அர்த்தம், தண்ணியில் பாசியும் நுண்ணுயிரும் ரொம்பக் கம்மி என்பதுதான். ஆழமான நடு ஏரியில் சாப்பாடு அதிகம் இல்லை. உயிர் குவிந்திருப்பது ஓரத்தில், ஓடைகள் வந்து சேரும் அந்தச் சதுப்பு நிலங்களில். அங்கேதான் தண்ணி ஆழம் குறைவு, வெயில் அடிவரைக்கும் போகும், கோரைப்புல் முளைக்கும், பூச்சிகள் பெருகும். ஏரி முழுக்கப் பார்த்தால் அந்தப் பச்சைப் பட்டை ரொம்பச் சின்னது. ஆனா சமையலறை, பிரசவ அறை ரெண்டும் அதுதான்.

கோடையில் அங்கே யார் யார் இருப்பாங்க? தண்ணியில் கொண்டை முக்குளிப்பான் மிதக்கும் கூடு கட்டும். பழுப்புத்தலைக் கடற்காகம் வரும். ராமேஸ்வரம், கோடியக்கரைப் பக்கம் குளிர்காலத்தில் படகு பின்னாடி பறந்து வர்ற கூட்டத்தில் பார்க்கும் அதே இனம்தான். கடற்காகம் என்று பெயர் வச்சிருக்கோம், அது குஞ்சு பொரிப்பதோ கடலே இல்லாத இடத்தில். புல்வெளியில் கியாங் எனும் காட்டுக்கழுதைகள் கூட்டமாக மேயும். மார்மட் வளைக்கு வெளியே வந்து வெயில் காயும், வருஷத்தில் ஆறு மாசத்துக்கு மேல் அது தூக்கம்தான். மேல் சரிவுகளில் பெரிய கொம்புடைய ஆர்கலி காட்டுச்செம்மறி இருக்கும். அதுக்குப் பின்னால் ஓநாய், செந்நரி, பனிச்சிறுத்தை.

இவர்களில் ரெண்டு பேரைப் பத்தி மட்டும் கொஞ்சம் விரிவா சொல்லணும்.

வரித்தலை வாத்து

நான் திருநெல்வேலிக்காரன். ஆறாம் வகுப்பில் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு ஸ்கூல் பிக்னிக் கூட்டிட்டுப் போனாங்க. சாம்பல் நிற உடம்பு, வெள்ளைத் தலையில் ரெண்டு கறுப்புப் பட்டை. "இதெல்லாம் இமயமலையைத் தாண்டி வருது தம்பி" என்றார் அங்கிருந்த பெரியவர். நான் நம்பல. இவ்வளவு குண்டா இருக்கிற வாத்து எப்படி இமயமலையைத் தாண்டும் என்று என் நண்பனிடம் கேட்டு ரெண்டு பேரும் சிரிச்சோம்.

பத்து வருஷம் கழிச்சு இந்த நோட்ஸுக்காகப் படிக்கும்போதுதான் அந்தப் பெரியவர் சொன்னது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிஞ்சுது. வரித்தலை வாத்து மங்கோலியா, திபெத், லடாக் போன்ற இடங்களில் குஞ்சு பொரிச்சு, குளிர்காலத்தில் இந்தியாவுக்குள் வருகிறது. இந்தியாவுக்குள் அது குஞ்சு பொரிக்கும் இடங்களில் சோ மொரிரி முக்கியமானது. அங்கேயுள்ள சின்னத் தீவுகளில் கூடு கட்டும், ஏன்னா நரியும் நாயும் தண்ணியைத் தாண்டி வராது. கூந்தன்குளத்துக்கு வர்ற வாத்து சோ மொரிரியிலிருந்துதான் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனா இனம் அதேதான், தாண்டின மலையும் அதேதான்.

எஞ்சினியராக யோசிச்சா பிரச்சினை ரெண்டு. ஒன்று, உயரம் போகப் போகக் காற்றின் அடர்த்தி குறையும், அதனால் இறக்கைக்குக் கிடைக்கும் தூக்குவிசை குறையும். பறக்கக் கூடுதல் சக்தி தேவை. இரண்டு, அந்தக் கூடுதல் சக்திக்கு வேண்டிய ஆக்சிஜனும் குறையும். தேவை ஏறும்போது சப்ளை இறங்குது.

இதுக்கு வாத்திடம் ஒரே தீர்வு இல்லை, பல சின்னத் தீர்வுகள் இருக்கு. உடல் எடைக்குக் கொஞ்சம் பெரிய இறக்கை. பெரிய நுரையீரல். பறக்கும் தசையில் நெருக்கமான ரத்தத் தந்துகிகள். அதன் ஹீமோகுளோபினில் ஒரு சின்ன மாற்றம் இருப்பதால், குறைந்த அழுத்தத்திலும் அது ஆக்சிஜனை இறுகப் பிடிச்சுக்கும்.

அடுத்தது பாதை. டிராக்கர் பொருத்திப் பார்த்ததில் பதிவான அதிகபட்ச உயரம் 7,290 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் 40 சதவீதம்கூட இல்லை. ஆனா அவை அந்த உயரத்திலேயே நேர்கோடு போட்டுப் பறப்பதில்லை. 2015-ல் வெளியான ஆய்வு சொன்னது இது: மலை ஏறினால் வாத்தும் ஏறும், பள்ளத்தாக்கு வந்தால் வாத்தும் இறங்கும், ரோலர் கோஸ்டர் மாதிரி. ஏறின உயரத்தை விட்டுட்டு மறுபடி ஏறுவது வீண் என்று நமக்குத் தோணும். ஆனா மெல்லிய காற்றில் அதே உயரத்தில் தாக்குப்பிடிக்கச் செலவாகும் சக்தி அதைவிட அதிகம். ராத்திரியிலும் விடியற்காலையிலும் அதிகமாகப் பறக்கும், ஏன்னா குளிர்ந்த காற்று அடர்த்தியானது.

இன்னொரு தகவல் எங்கள் குரூப்பில் எல்லாருக்கும் பிடிச்சது. ஜெசிகா மேர் என்ற உயிரியலாளர் இந்த வாத்துக் குஞ்சுகளைத் தாய் மாதிரி வளர்த்து, காற்றுச் சுரங்கத்தில் ஆக்சிஜன் முகமூடி போட்டுப் பறக்கவிட்டு ஆராய்ந்தவர்களில் ஒருவர். ஆக்சிஜனைக் குறைத்தபோது பறவைகள் உடலின் சக்திச் செலவையே குறைத்துக்கொண்டு பறந்தன. அந்த ஆய்வு வெளியான அதே 2019-ல் அவர் நாசா வீராங்கனையாக விண்வெளி நிலையத்துக்குப் போனார்.

கருங்கழுத்துக் கொக்கு

வயலில் நிக்கிற நம்ம ஊர் வெள்ளைக் கொக்கை நினைச்சுக்காதீங்க. இது ஒரு மீட்டருக்கு மேல் உயரம். சாம்பல் உடம்பு, கறுப்புக் கழுத்து, உச்சியில் ஒரு சிவப்புப் பொட்டு. உலகிலுள்ள 15 வகைப் பெருங்கொக்குகளில் இவ்வளவு உயரமான பீடபூமியிலேயே வாழ்வது இது ஒன்றுதான். இந்தியாவில் இது கூடு கட்டுவது லடாக்கில், சோ கார், சோ மொரிரி, ஹான்லே மாதிரிச் சதுப்பு நிலங்களில் மட்டும். 2021-ல் லடாக் தன் அடையாளப் பறவையாக இதை அறிவித்தது.

அதன் காலண்டரைப் பாருங்க. வசந்த காலத்தில் வரும். கூடு தரையில்தான், தண்ணி சூழ்ந்த ஒரு புல் திட்டில். பெரும்பாலும் ரெண்டு முட்டை. அடைகாக்க சுமார் ஒரு மாசம். பொரிஞ்ச குஞ்சு பறக்கக் கற்க இன்னும் மூணு மாசம் அளவுக்கு ஆகும். மொத்தம் நாலு மாசம். அக்டோபர், நவம்பரில் தண்ணி உறைய ஆரம்பிக்கும், அதுக்குள் குஞ்சு பறந்தாகணும். அதாவது ஜூனில் கூடு போனால், அந்த ஜோடிக்கு அந்த வருஷமே பெரும்பாலும் போச்சு. நமக்கு அரியர் எழுத அடுத்த செமஸ்டர் இருக்கு, அதுக்கு அடுத்த வருஷம்தான்.

அங்கே மனிதர்களும் இருக்காங்க

ஏரியின் மேற்குக் கரையில் கோர்சோக் கிராமம். ஒரு பழைய பௌத்த மடாலயம், கொஞ்சம் வீடுகள், பார்லி வயல்கள். இவ்வளவு உயரத்தில் விவசாயம் நடக்கும் இடங்கள் உலகிலேயே ரொம்பக் குறைவு. சுற்றிலும் சாங்பா மேய்ப்பர்கள் யாக் முடியில் நெய்த கூடாரத்தோடு மேய்ச்சல் நிலம் மாறி மாறிப் போவார்கள். அவர்கள் வளர்க்கும் ஆட்டின் அடி மயிர்தான் பஷ்மினா. ஒரு இழையின் தடிமன் 12 முதல் 16 மைக்ரான் வரை, நம்ம தலைமுடியில் கால்வாசிகூட இருக்காது. குளிர் கடுமையாக இருப்பதால்தான் ஆடு அவ்வளவு மெல்லிய போர்வை வளர்க்குது.

சிவில் மாணவனாக என்னைக் கவர்ந்தது லடாக்கின் பழைய கழிவறை. தண்ணியே ஊத்த மாட்டாங்க. மாடியில் ஒரு துளை, கீழே ஒரு அறை, மேலே மண்ணும் சாம்பலும் போடுவாங்க. மக்கினதும் வயலுக்கு உரம். நான் முதலில் இதைப் பின்தங்கிய ஏற்பாடு என்று நினைச்சேன். கன்ட்ரோல் வால்யூமை மறுபடி வரைஞ்சு பார்த்ததும் புரிஞ்சுது. வெளியே வழியில்லாத ஏரிக்குப் பக்கத்தில் வாழ்றவங்க, கழிவு ஏரிக்குள் போகாதபடி அந்த அம்பை வயலுக்குத் திருப்பி வச்சிருக்காங்க. எந்த டெக்ஸ்ட்புக்கும் இல்லாமல் மாஸ் பேலன்ஸ் போட்டிருக்காங்க.

இப்போ உள்ளே போவது என்ன?

இந்தப் பகுதி வெளியாட்களுக்குத் திறந்துவிடப்பட்டது 1994-ல். 2002-ல் சோ மொரிரி ராம்சார் ஈரநிலமானது, 2020-ல் சோ காரும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. பாதுகாப்பும் கூட்டமும் ஒன்றாகவே வளர்ந்தன. நம்மை மாதிரி பதினோரு பேர் ஒரு நாள் தங்கினால் பெரிய விஷயம் இல்லை. ஆனா கோடை முழுக்கத் தினமும் வந்தால்?

ஃப்ளஷ் கழிவறை வைத்த கூடாரங்களின் கழிவு மண்ணில் இறங்கும். அதிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும் சரிவில் கீழே, அதாவது ஏரியை நோக்கித்தான் போகும். ஆறாக இருந்தால் அடித்துக்கொண்டு போய்விடும். இங்கே உப்பு மாதிரி சேரும், பாசியை வளர்க்கும்.

சாப்பாட்டுக் கழிவு இன்னும் நேரடியான கேடு. முகாம்களின் மிச்சச் சோற்றை நம்பித் தெருநாய்கள் பெருகின. சீசன் முடிஞ்சு முகாம் காலியானாலும் நாய்கள் அங்கேயேதான் இருக்கும். சீசனிலும்கூடக் கூட்டமாகச் சதுப்புக்குள் போய் முட்டையையும் குஞ்சையும் தேடும். லடாக்கில் கருங்கழுத்துக் கொக்குக்கு இருக்கும் பெரிய ஆபத்துகளில் ஒன்றாக ஆய்வாளர்கள் சொல்வது இந்த நாய்களைத்தான். நாம் இரக்கப்பட்டு வீசும் பிஸ்கட் கடைசியில் போய் நிற்பது அங்கே.

நம்ம துறைக்கே நேராக வரும் ஒரு விஷயமும் இருக்கு. இதே சாங்தாங்கில், பாங் பகுதியில் வரவிருக்கும் 13 கிகாவாட் புதுப்பிக்கத்தக்க மின் திட்டத்துக்கு மின்பாதை அமைக்க 2023 அக்டோபரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மதிப்பு 20,773 கோடி ரூபாய். மெல்லிய, தெளிந்த காற்றில் வெயில் நல்லா விழும், குளிரில் பேனல் திறனும் கூடும். நிலக்கரிக்கு மாற்று வேணும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா வெறும் தரையாகத் தெரிகிற அந்த நிலம் சாங்பாக்களின் மேய்ச்சல் நிலம். பெருங்கொக்குகள் மின்கம்பியில் மோதிச் சாவது உலகம் முழுக்கப் பதிவான விஷயம். கம்பி எந்த வழியாகப் போகணும், எங்கே பறவைக்குத் தெரியும்படி அடையாளத் தட்டு மாட்டணும், யாரைக் கேட்டு நிலம் எடுக்கணும் என்பதெல்லாம் எஞ்சினியரிங் முடிவுகள். நம்ம பேட்ச்சில் யாராவது ஒருத்தர் அந்த டிராயிங்கில் கையெழுத்துப் போடலாம்.

நாங்க மாத்தின பிளான்

நோட்ஸ் முடிச்ச ராத்திரி அந்த வீடியோவை மறுபடி போட்டேன். முதல் தடவை பார்க்கும்போது ரெண்டு பறவையும் பைக்கோடு ரேஸ் ஓடுவதாகத்தான் தெரிஞ்சுது. இப்போ ஸ்லோவில் பார்த்தேன். கழுத்து கறுப்பு. ஒரு ஜோடி. கீழே சொதசொதன்னு ஈரப் புல். ஜூன் மாசம். பைக் கடந்து போனதும், கேமரா திரும்புறதுக்குள் ஒரு பறவை அவசரமா அதே இடத்துக்குத் திரும்பி நடக்குது.

சீனியருக்கு அனுப்பினேன். ரொம்ப நேரம் 'டைப்பிங்' என்றே காட்டிட்டு இருந்தது. கடைசியில் வந்தது ஒரே வரி: "டேய், அங்கே கூடு இருந்திருக்குமோ?" இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். வண்டியிலிருந்து பார்த்தால் அது வெறும் புல். அவர் கெட்டவர் இல்லை. அதுக்கு ஹார்ட் போட்ட நாங்களும் கெட்டவங்க இல்லை. எங்க யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

டூர் கேன்சல் ஆகல. பிளான் மட்டும் மாறிச்சு. லேயில் ரெண்டு நாள் ஓய்வெடுத்துட்டுத்தான் மேலே ஏறுவோம், அது நம்ம நுரையீரலுக்காக. கரையில் கூடாரம் கிடையாது, கோர்சோக்கில் ஒரு வீட்டில் தங்கி அவங்க கழிவறையையே பயன்படுத்துவோம். வண்டி ரோட்டை விட்டு இறங்காது. ஏரியில் சோப்பு போட்டுக் குளிக்கிற ஐடியா போச்சு. கொண்டுபோற ஒவ்வொரு பாக்கெட்டும் திரும்பி லே வரும், அதுக்கு ஒருத்தன் பொறுப்பு. பறவையைப் பார்க்கணும்னா தூரத்திலிருந்து பைனாகுலர். ட்ரோன் கொண்டுவரேன்னு சொன்னவன் மட்டும் இன்னும் கோபமா இருக்கான், ஜூனுக்குள் சரியாயிடுவான்.

கட்டுரையில் சொன்னதை வச்சு நீங்களே போட்டுப் பார்க்க மூணு கேள்வி:

1. ஸ்டார்ட்சபுக் சோவிலிருந்து சோ காருக்குப் போகும் வாய்க்காலை ஒரு ரோடு போட்டு அடைத்துவிட்டால், நூறு வருஷத்தில் இரண்டு ஏரிக்கும் என்ன ஆகும்?

2. கோர்சோக்கில் இருபது அறை உள்ள ஒரு தங்கும் விடுதிக்குக் கழிவுநீர் ஏற்பாடு டிசைன் பண்ணச் சொன்னால், உங்கள் முதல் அம்பை எந்தப் பக்கம் வரைவீங்க?

3. உங்க ஊர்க் குளத்தில் உபரி நீர் வெளியேறும் கலிங்கு இன்னும் திறந்திருக்கா? போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க. அடுத்த இதழில் போடலாம்.